இலை முன் மண்டியிடுவது எப்படி?

ஐம்பத்தைந்து வயது நிறைந்ததும் ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று மலேசியச் சட்டம் சொல்கிறது. எடுத்த பணத்தை என்ன செய்வது என்று அது சொல்லவில்லை. சிலர் மகள் கல்யாணத்தை முடிக்கிறார்கள். சிலர் காசிக்குப் போகிறார்கள். சிலர் வீட்டு வாசலில் பழைய இரும்புக் கேட்டைக் கழற்றிவிட்டுத் தானாகத் திறக்கும் கேட் போடுகிறார்கள். விவரமானவர்கள் மேக்ரோ லென்ஸ் வாங்கி, விடிந்தும் விடியாமலும் அம்பாங் காட்டோரம் போய், சேற்றில் முழங்காலைப் பதித்து, நகத்தளவு இலையைப் பகல்வரை படம் எடுத்து, வாட்சப் குழுவில் போடுகிறார்கள். இந்த வழிகாட்டி அவர்களுக்கானது. மற்றவர்கள் பசியாறப் போகலாம்.

அம்பாங்கைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. கோலாலம்பூரில், ஜாலான் அம்பாங்கில் இரட்டைக் கோபுரத்துக்கு எதிரே காடியில் ஏறிக் கிழக்கே போய்க்கொண்டே இருந்தால் போதும். அடுக்குமாடிகள் தீர்ந்து தாமான் வீடுகள் வரும். அவையும் தீர்ந்ததும் உலு லங்காட்டுக்கு ஏறும் மலைப்பாதை தொடங்கிவிடும். இரண்டு பக்கமும் காடு. தலைநகரத்தில் சாப்பிட்ட ரொட்டி சானாய் செரிப்பதற்குள் ஒருவர் பெரணிக்கு முன்னால் குந்தியிருக்கலாம். எத்தனை நாட்டுத் தலைநகரங்களில் இது நடக்கும்?

கருவி

முதலில் லென்ஸ். இலையைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம், அது எங்கும் ஓடிவிடாது. 90, 100, 105 மில்லிமீட்டர் என்று சில ரகங்கள் கடையில் இருக்கும். எதை வாங்கினாலும் பொருளை அதன் உண்மையான அளவிலேயே கேமராவின் சென்சாரில் விழச் செய்யலாம். ஒரு சென்டிமீட்டர் இலை கேமராவுக்குள்ளும் ஒரு சென்டிமீட்டராகவே விழும். அதைத்தான் 1:1 என்கிறார்கள். இந்த ரகங்களுக்குள் என்ன வித்தியாசம் என்று கடைக்காரரிடம் கேட்டுவிடாதீர்கள். அந்த ஒரு கேள்வியிலேயே உங்கள் வயதையும் சேமநிதியையும் அவர் கணக்குப் போட்டுவிடுவார்.

பிறகு முக்காலி, வளைய ஃபிளாஷ், முழங்கால் பட்டை, இவற்றையெல்லாம் சுமக்க ஒரு முதுகுப்பை, அந்தப் பை நனையாமலிருக்க அதற்கொரு மழைச்சட்டை. கடைசியாக, ஈரம் உறிஞ்சும் அலமாரி. இதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. நம் ஊர்ப் புழுக்கத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். வெள்ளை இழைகளாகக் கிளைத்து, கிளையில் கிளை விட்டு, கண்ணாடிக்குள் ஒரு சின்னத் தாவர உலகமே படரும். காட்டில் நீங்கள் தேடி அலையும் எதையும்விட அது அழகாக இருக்கும். என்ன செய்வது, அதைப் படம் எடுக்க இன்னொரு மேக்ரோ லென்ஸ் வேண்டும்.

குளிர்சாதன அறையிலிருந்து எடுத்த கேமராவை நேரே காட்டுக்குள் கொண்டுபோனால் கண்ணாடி முழுக்க ஆவி படியும். அந்த இருபது நிமிஷத்தில் எடுக்கும் படங்களுக்கு ‘மூடுபனியில் மலைக்காடு’ என்று பெயர் வைக்கலாம்.

கைபேசியில் மாட்டும் கிளிப் லென்ஸ் பாசார் மாலாமில் கிடைக்கிறதே தாத்தா என்று பேரன் சொல்வான். கிடைக்கிறதுதான். இலை நரம்புகூட அதில் தெளிவாகவே விழும். அதனால்தான் அந்தப் பேச்சை வளரவிடக் கூடாது.

கார்ல் பிளாஸ்ஃபெல்ட் என்ற பெயரை யாராவது எடுத்தாலும் பேச்சை மாற்றிவிடுங்கள். அவர் பெர்லினில் கலைப்பள்ளி ஆசிரியர். மாணவர்களுக்கு வடிவம் கற்றுக்கொடுப்பதற்காகத் தன் கையாலேயே கேமரா செய்துகொண்டு, முப்பது வருஷத்துக்கு மேல் தண்டு, மொட்டு, சுருண்ட பெரணிக் கொழுந்து என்று எடுத்துக்கொண்டே இருந்தார். சிலவற்றை முப்பது மடங்குவரை பெரிதாக்கினார். செடிகளுக்காகச் செலவும் செய்யவில்லை. ரயில் பாதை ஓரத்திலும் வேலி ஓரத்திலும் முளைத்த களைகளைப் பறித்துக்கொண்டு வந்தார். 1928இல் அந்தப் படங்கள் புத்தகமாகி உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தபோது மனிதர் அறுபதைத் தாண்டியிருந்தார். கையால் செய்த கேமரா, முப்பது வருஷம், அதுவும் களை. எல்லோரும் இப்படி இருந்துவிட்டால் கடைக்காரர்கள் பிழைப்பது எப்படி?

இடம்

புக்கிட் சாகாவில் தொடங்குவது நல்லது. தாமான் சாகாவுக்குப் பின்னால் ஏறும் குன்று, ஓடையும் உண்டு. சனி, ஞாயிறு காலையில் பாதி அம்பாங் அங்கேதான் வியர்வை சிந்தும். நீங்கள் பாதையோரம் நெற்றி மண்ணில் முட்டக் குனிந்திருப்பீர்கள். கடந்துபோகிற ஒவ்வொருவரும் நிற்பார்கள்.

“அங்கிள், காடி சாவி விழுந்துருச்சா?”

“இல்ல தம்பி, இலைய எடுக்கிறேன்.”

“மருந்துக்கா?”

ஆமாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தம்பியின் மாமியாருக்குச் சர்க்கரை, அத்தைக்கு மூட்டுவலி, கிள்ளானில் ஒரு சித்தப்பாவுக்கு மூச்சிரைப்பு. எந்த இலையை எவ்வளவு நேரம் கொதிக்க வைக்க வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டுதான் போவார். இல்லை என்று சொல்லிப் படத்தைக் காட்டினால் சிக்கல் வேறு. “நல்லாருக்கு அங்கிள்” என்பார். அவர் குரலில் உங்களைப் பற்றிய கவலை தெரியும்.

கொசுவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1857இல் ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனத் தொழிலாளிகள் கிள்ளான் ஆற்றில் படகேறி, கோம்பாக் ஆறு வந்து கலக்கும் இடத்தில் இறங்கி, காட்டுக்குள் நடந்து அம்பாங்கில் ஈயம் தோண்ட வந்தார்கள். ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் அவர்களை வாரிக்கொண்டது. மிஞ்சியது 18 பேர். கோலாலம்பூர் பிறந்த கதை இதுதான். அன்று மலேரியா, இன்று டெங்கி. ஆகவே அம்பாங் கொசுவின் பின்னால் ஒரு நகரத்தின் சரித்திரமே இருக்கிறது என்பதை உணர்ந்து, மரியாதையாக நீளக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். அது எப்போது கடிக்கும் என்பதற்கும் ஒரு முறை உண்டு. மூச்சை அடக்கி, இலை நரம்பில் ஃபோகஸ் விழுந்து, விரல் பொத்தானைத் தொடும்போது. எந்தக் காதில் என்பது மட்டும் மாறும்.

அட்டை கொசுவைவிடப் பண்பானது, சத்தம் போடாது. காலில் சவுக்காரத்தைத் தேய்த்துக்கொண்டு பால்வெட்டுக்குப் போன பாட்டிகளின் பேரப்பிள்ளைகள் இன்று விலையுயர்ந்த அட்டைக் காலுறை போட்டுக்கொண்டு போகிறார்கள். அட்டைக்கு இந்தத் தலைமுறை வித்தியாசம் புரிவதில்லை.

ஒரு மில்லிமீட்டர்

1:1 அளவில் லென்ஸின் துளையை எஃப் 8இல் வைத்தால், தெளிவாக விழும் பகுதியின் ஆழம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். அதற்கு முன்னாலும் பின்னாலும் எல்லாம் கலங்கிவிடும். நுனி துலங்கினால் காம்பு கரையும், காம்பைப் பிடித்தால் நுனி போகும். துளையைச் சிறிதாக்கினால் ஆழம் கூடும் என்று புத்தகம் சொல்லும். உண்மைதான். வெளிச்சம் குறையும் என்றும் சொல்லும். அடர்காட்டில் மேலே அடிக்கிற வெயிலில் நூற்றுக்கு ஓரிரு பங்குதான் தரைக்கே வந்து சேர்கிறது. 1:1இல் லென்ஸ் அதிலும் முக்கால் பங்கை விழுங்கிவிடும். சரி, இன்னும் சிறிதாக்குவோம் என்று துளையை ஊசி முனைக்குக் கொண்டுபோனால் ஒளி வளைந்து படம் முழுவதும் மழுங்கும். எந்தப் பக்கம் போனாலும் அடி. கடைசியில் ஒரே வழி, ஷட்டரை அரை வினாடி, ஒரு வினாடி திறந்து வைப்பது. அந்த ஒரு வினாடி இலை ஆடக் கூடாது.

இலைக்கு இந்த ஏற்பாடு தெரியாது. காற்றே இல்லாத காலையிலும் பெரணி நுனி ஆடும். நீங்கள் விடும் மூச்சுக்கு ஆடும். பக்கத்துப் பாதையில் ஒருவர் ஓடினால் ஆடும். துணி மாட்டும் கிளிப்பைக் கம்பியில் கட்டிக் காம்பைக் கவ்வ வைக்கலாம், காம்பு ஒடிந்தாலும் ஆட்டம் நின்றுவிடும். குடையால் காற்றை மறைக்கலாம். குடை பிடிக்க மைத்துனர்தான் சரியான ஆள். “மச்சான், கொஞ்சம் இந்தப் பக்கம்… அவ்ளோ வேணாம்… ஆங், அப்படியே!” என்கிற இடத்தில் மச்சானின் கைபேசி பாடும். அவர் சட்டைப் பையைத் தடவுவார். குடை இலை மேல் சாயும்.

இதற்கெல்லாம் மேலே ஒரு வித்தை இருக்கிறது. ஃபோகஸை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி முப்பது, நாற்பது படம் எடுத்து, கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, தெளிவான பகுதிகளை மட்டும் சேர்த்து ஒரே படமாக்குவது. நுனியிலிருந்து காம்புவரை ஒரே துலக்கம். எந்த மனிதக் கண்ணும் அப்படி ஓர் இலையைப் பார்த்ததில்லை. போட்டிகளில் பரிசு கிடைப்பதும் அதனால்தான்.

ஒரு மில்லிமீட்டர் நம் ஆட்களுக்குப் புதிய கணக்கும் இல்லை. கித்தாத் தோட்டத்தில் பால்வெட்டியவர்கள் விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் பட்டை சீவினார்கள். ஒவ்வொரு சீவலும் ஒரு மில்லிமீட்டர், மிஞ்சினால் ஒன்றரை. ஆழம் போதாவிட்டால் பால் வராது. கூடிவிட்டால் பட்டைக்கு அடியிலிருக்கும் வளர்படலத்தில் காயம் பட்டு, ஆறும்போது முண்டும் முடிச்சுமாக வளரும், அடுத்த சுற்றில் அந்த இடத்தில் கத்தி ஓடாது. கங்காணியின் வாயும் ஓயாது. மங்கலான விளக்கில், கொசுக்கடியில், ஒரே காலையில் நூற்றுக்கணக்கான மரங்கள். முக்காலி இல்லை, படங்களை அடுக்கும் மென்பொருள் இல்லை. அந்தக் கைக்கும் கண்ணுக்கும் யாரும் ஒரு கேமராவைக் கொடுத்துப் பார்க்கவில்லை. கொடுத்திருந்தால் இந்த வழிகாட்டிக்கே வேலை இருந்திருக்காது. சரி, மச்சானைக் குடையை நிமிர்த்தச் சொல்லுங்கள்.

தண்ணீர்

துளி இல்லாத இலைப்படத்தைக் குழுவில் யாரும் மதிக்கமாட்டார்கள். மரக்கூரைக்குக் கீழே பனி அவ்வளவாக இறங்காது. ஆகவே துணி தேய்க்கும்போது தண்ணீர் தெளிக்கும் குப்பியைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். வெறும் தண்ணீர் ஓடிவிடும் என்பதால் மருந்துக்கடையில் கிளிசரின் வாங்கிக் கலப்பது மூத்தோர் மரபு. உருண்டு திரண்ட துளி, பகல் பத்து மணிக்கும் இலை நுனியில் அசையாமல் நிற்கும். அதைக் குடிக்க வரும் எறும்பு மட்டும் ஏமாறும்.

இப்படிக் கண்டதற்கெல்லாம் தெளித்துக்கொண்டே போகிறவர் ஒரு நாள் பாக்கு மெராக்கிடம் வந்து சேர்வார். மலாய்க்காரர்கள் மயிலின் பெயரை வைத்திருக்கும் இந்தச் செடிக்குத் தாவரவியலில் செலாஜினெல்லா வில்டெனோவி என்று பெயர். மலாயாவின் தாழ்நிலக் காட்டோரங்களில், ஈரமான சரிவுகளில், மற்ற செடிகளின் மேல் சாய்ந்துகொண்டு ஏறும். அரிசியளவு இலைகள், அடுக்கடுக்காக விசிறி விரித்தாற்போல. எல்லோரும் பெரணி என்பார்கள். பெரணி இல்லை. பெரணிகள் ஒரு வழியாகப் போக, தனி வழியாக வந்த மிகப் பழைய வம்சம். நிழலில் அதன் இளம் இலைகளின் மேல் ஒரு நீலம் நிற்கும். புடவைக் கடையில் மயில்கழுத்து என்று எடுத்துப் போடுவார்களே, அந்த நிறம்.

உங்கள் கை வழக்கப்படி குப்பிக்குப் போகும். புஸ், புஸ். நீலம் போய்விடும்.

முன்னால் நிற்பது ஒரு சாதாரணப் பச்சைச் செடி. கேமராவில் கோளாறு என்று நினைத்து லென்ஸைத் துடைப்பீர்கள். இன்னும் நன்றாக நனைத்தால் வருமோ என்று மறுபடியும் தெளிப்பீர்கள். வராது.

எழுபதுகளில் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இருந்த டேவிட் லீ என்ற தாவரவியலாளர் இந்த நீலத்தின் பின்னால் அலைந்தார். அவரும் லௌரி என்பவரும் சேர்ந்து 1975இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். இலையில் நீலச் சாயம் எதுவும் கிடையாது. மேல்தோலின் வெளிப்புறத்தில் மிக மெல்லிய படலங்கள் இருக்கின்றன. அவற்றில் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கூடி நீலத்தை மட்டும் தூக்கிக் காட்டுகிறது. மழை விட்டதும் பெட்ரோல் நிலையத் தரையில் எண்ணெய்ப் படலம் வர்ணம் காட்டுவதும் இதே கணக்குத்தான். இலை மேல் தண்ணீர் படிந்தால், காற்றிலிருந்து படலத்துக்குள் ஒளி நுழையும் இடத்தில் இருந்த வேறுபாடு குறைந்துவிடும், நீலம் எழாது. நீர் உலர்ந்ததும் ஒன்றும் நடக்காதது மாதிரி திரும்பி வரும்.

நம் கலைஞர்கள் இதற்கெல்லாம் காத்திருப்பதில்லை. செடியை வேரோடு பிடுங்கிப் பிளாஸ்டிக் பையில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். நல்ல வெளிச்சம் வேண்டுமே என்று வாசலில் வெயிலில் தொட்டியை வைப்பார்கள். வெயிலில் விடும் புதிய இலைகளுக்கு அந்த நீலமே இருக்காது. செடி பிழைத்துக்கொள்ளும், மயில்தான் பிழைக்காது. காட்டிலேயே நின்று எடுப்போம் என்பவர்களுக்குக் கேமரா ஒரு தடை போடும். நிறங்களைத் தானாகச் சமன்செய்யும் அமைப்பு, நிழலில் தெரியும் நீலத்தைத் தவறு என்று எண்ணிப் பணிவோடு திருத்திவிடும். பிறகு கணினியில் நீலத்தை ஏற்ற வேண்டும். ஏற்றுவது என்று ஆகிவிட்டால் எவ்வளவு ஏற்றுவது? குழுவில் பத்துப் பேர் பார்த்துக் கண்ணைக் கசக்கும்வரை.

இந்த ஒரு பத்தியில் மட்டும் நான் கேலி செய்யவில்லை. அம்பாங்கில் பெரும்பாலும் பிற்பகலில்தான் இடி மழை. ராத்திரி ஈரம் காலையில் இலைகளிலிருந்து உலர்ந்து முடிந்து, அடுத்த மழை இன்னும் வராத அந்த இடைவேளையில் போங்கள். ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். நிறச் சமனைக் கையால் வையுங்கள். தலையை மட்டும் மேலே கீழே, இடது வலது என்று நகர்த்திப் பாருங்கள். கோணம் மாற மாற நீலம் இலைக்கு இலை தாவும். எந்தக் கோணம் பிடிக்கிறதோ அங்கே கேமராவை வையுங்கள். குப்பியைக் காடியிலேயே பூட்டிவிட்டு வாருங்கள்.

இதே வித்தையைக் கேமரன் மலையின் மயில் பிகோனியா இன்னொரு வழியில் செய்கிறது. அதன் நீலம் தோலில் இல்லை, செல்லுக்குள் ஒளியைச் சமைக்கும் பசுங்கணிகங்களிலேயே அடுக்கடுக்காக ஒழுங்குபட்டிருக்கிறது என்று 2016இல் கண்டார்கள். நிழலில் கிடைக்கும் சொற்ப வெளிச்சத்தை அது நன்றாகப் பயன்படுத்திக்கொள்ள அந்த அடுக்கு உதவுகிறதாம். கேமரன் மலைக்குப் போகிறவர்கள் ஸ்ட்ராபெர்ரித் தோட்டத்தில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவதால் இந்தச் செடிக்கு இன்றுவரை பெரிய ஆபத்து நேரவில்லை.

சுத்தம்

படத்தின் பின்னணியில் ஒரு குச்சி, ஒரு காய்ந்த சருகு, பக்கத்துச் செடியின் வால் எதுவும் தெரியக் கூடாது. இதற்காகவே சின்னக் கத்தரிக்கோல் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஓர் இலைக்குப் பின்னால் ஒரு முழம் சுற்றளவு காட்டை மழித்துவிட்டு, கறுப்பு வெல்வெட் துணியை விரித்து, ‘இயற்கையின் மடியில்’ என்று தலைப்புக் கொடுப்பார்கள்.

ஓடைக்கரைப் பாறைகளில் மெல்லிலைப் பெரணிகள் ஒட்டியிருக்கும். நரம்புகளுக்கு நடுவே அந்த இலை ஒரே ஒரு செல் கனம்தான். வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணாடி. ஈரக் காற்றை நம்பியே பிழைப்பதால், கையோடு பிய்த்து வெயில்படும் பாறையில் வைத்தால் மச்சான் வெல்வெட்டை விரித்து முடிப்பதற்குள் சுருண்டுவிடும். சுருண்ட பிறகு அதையே ‘காலத்தின் சுவடு’ என்று எடுக்கலாம். எதுவும் வீணாகாது.

அருமையான செடிதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு உலு கிள்ளான் பக்கம் புக்கிட் தாபூர் இருக்கிறது. 14 கிலோமீட்டருக்கு மேல் நீளும் வெள்ளைக் குவார்ட்ஸ் பாறை முதுகு. அதன் இடுக்குகளில் உலகத்தில் வேறெங்கும் இல்லாத சில தாவரங்கள் வளர்கின்றன. காப்பிக் குடும்பத்தைச் சேர்ந்த அலெய்சாந்தியா ரூபெஸ்ட்ரிஸ் என்ற புதர் அவற்றில் ஒன்று. மண் என்று சொல்ல அங்கே ஒன்றும் பெரிதாக இல்லை, பாறை வெடிப்பில் ஒரு பிடி கிடைத்தால் அதுதான் அதற்கு வீடு. உங்கள் முக்காலியின் கால் ஊன்றவும் சரியாக அதே வெடிப்புத்தான் வசதி. அந்த முதுகிலிருந்து விழுந்து செத்தவர்கள் இருக்கிறார்கள். வன இலாகாவின் அனுமதி இல்லாமல் போகாதீர்கள். அனுமதி கிடைத்தாலும் படம் எடுக்கப் பின்னால் நகராதீர்கள்.

பொறுமையைப் பழக ஆசைப்படுபவர்கள் தொட்டாற்சிணுங்கியிடம் போகலாம். அம்பாங்கில் பந்து விளையாடும் திடலெங்கும் கிடக்கிறது. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்து நம்மைவிட நன்றாக இங்கே குடியேறிவிட்டது. முக்காலி தட்டினால் சிற்றிலைகளின் அடியிலுள்ள முடிச்சுகளில் செல்கள் நீரை இழந்து தளர, அவை ஜோடி ஜோடியாக மூடிக்கொள்ளும். மறுபடி திறக்கச் சில நிமிஷம் ஆகும். திறந்ததும் நீங்கள் ஃபோகஸ் வளையத்தைத் திருப்புவீர்கள், முழங்கை படும். ஒரு காலைப்பொழுதை இதிலேயே முடித்துவிடலாம்.

காட்டுக்கே போகாமல் வீட்டில் எடுக்கலாமே என்பது நியாயமான கேள்விதான். பால்கனித் தொட்டியில் கருவேப்பிலை இருக்கிறது. சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே ஒரு கொழுந்தைப் பிடித்தால், இலைக்குள் எண்ணெய்ச் சுரப்பிகள் புள்ளி புள்ளியாக ஒளிவிடும். தாளித்தவுடன் வீடு மணப்பது அந்தப் புள்ளிகளால்தான். எட்வர்ட் வெஸ்டன் 1931இல் எடுத்த உலகப் புகழ்பெற்ற இலைப்படமும் முட்டைக்கோஸ் இலைதான், சாம்பாரில் போகிற சாதாரண முட்டைக்கோஸ். ஆனால் யோசித்துப் பாருங்கள். சமையற்கட்டில் எடுத்தால் மழைச்சட்டை போட்ட முதுகுப்பை எதற்கு? அட்டைக் காலுறை எதற்கு? மச்சான் எதற்கு?

வெளியீடு

படத்தின் கீழ் மூலையில் உங்கள் பெயர், பெயருக்குப் பின்னால் ‘ஃபோட்டோகிராஃபி’. எழுத்து இலையைவிடப் பெரிதாக இருக்கட்டும். மேலே ‘இனிய காலை வணக்கம்’. ரோஜாப்பூ ஒன்றும் ஒட்டலாம்.

எடுத்த இடத்தை விவரமாக எழுதுங்கள். எந்தப் பாதை, எத்தனையாவது வளைவு, எந்தப் பாறைக்குப் பின்னால். கைபேசியில் எடுத்திருந்தால் எழுதவே வேண்டாம். இருப்பிடக் குறியீட்டை அணைத்து வைக்காவிட்டால் படத்தோடு அதுவும் பதிந்திருக்கும், கோப்பாக அனுப்பினால் கூடவே போகும். காட்டு ஆர்க்கிட்டும் அழகான இலைச்செடியும் தோண்டி விற்பவர்களுக்கு இதைவிட உதவியான ஆள் கிடைக்கமாட்டார். 2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டில் வீட்டுக்குள் முடங்கிய ஊர், செடிப் பைத்தியம் பிடித்துக் கெலாடி இலைச்செடிக்குக் கொட்டிக்கொடுத்த விலையை நினைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் நீங்கள் போகும்போது அந்தப் பாறைக்குப் பின்னால் ஒரு குழி இருக்கும். குழியையும் மேக்ரோவில் எடுக்கலாம்.

பெயர் தெரியாத செடிக்கு ‘அரிய வகை மூலிகை’ என்று போடுங்கள். யாரும் மறுக்கமாட்டார்கள்.

பாக்கு மெராக் படத்தைப் போட்டால் என்ன பதில்கள் வரும் என்பதையும் சொல்லி வைக்கிறேன், தயாராக இருக்கலாம். முதலில் இரண்டு கும்பிடும் கைகள், இவர்கள் படத்தைத் திறந்தே பார்க்காதவர்கள். பிறகு நீலம் கணினியில் ஏற்றியதுதானே என்று ஒரு சக கலைஞர் கேட்பார். இந்த முறை இல்லை என்று சத்தியம் செய்தாலும் நம்பமாட்டார். லீ, லௌரி, 1975, படலம் என்று நீங்கள் நீளமாக எழுதுவீர்கள். எழுதி முடிப்பதற்குள் கிள்ளானிலிருந்து அத்தை வந்துவிடுவார்.

“ஐயா, இது பாக்குக் கீரையா? சந்தையில கட்டுக் கட்டா விக்குதே, அதா?”

இல்லை அத்தை, அது உண்மையான பெரணி, இது வேறு வம்சம் என்று தொடங்காதீர்கள். அத்தைக்கு அடுத்த கேள்வி தயாராக இருக்கும். காஜாங் பெரியம்மா பாக்குக் கீரையைப் பிளாச்சான் சம்பலில் வதக்கும் பக்குவத்தை ஒலிப்பதிவாகவே போட்டுவிடுவார். சிறிது தேங்காய்ப்பால் ஊற்றலாமா கூடாதா என்று செந்தூலும் பிரிக்பீல்ட்ஸும் இரண்டு கட்சியாகப் பிரியும். உங்கள் படத்தைத் தேட வேண்டுமானால் குழுவில் மேலே வெகுதூரம் தள்ளிக்கொண்டு போக வேண்டும். தேங்காய்ப்பால் விஷயத்தில் உங்கள் கருத்தையும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.